அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேண்ட் இயக்குநர் ஆவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட, சிலருக்கு மட்டும் அதையே பிழைப்பாகக் கொள்ளும் ஆசை வருகிறது. அப்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, இதில் வேலை உண்டா என்பதுதான். உண்டு. அந்த வேலைக்கான பாதை நீளமானது என்றாலும் தெளிவானது. அதன் உச்சியில் இருப்பது, ஒரு பல்கலைக்கழகத்தின் பேண்ட் துறைகள் அனைத்துக்கும் பொறுப்பேற்கும் இயக்குநர் பதவி.

முதலில் பதவியைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேண்ட் என்பது வயலின் வரிசைகள் இல்லாமல், காற்றுக் கருவிகளையும் தாளக் கருவிகளையும் கொண்டு அமையும் குழு. இலினாய் பல்கலைக்கழகத்தில் 1905 முதல் 1948 வரை பேண்டை நடத்திய ஏ. ஏ. ஹார்டிங், இத்தகைய குழுவைக் கல்விக்கூடத்துக்குள் மதிப்புடன் நிலைநிறுத்தியவர்களில் முன்னோடி. 1952-இல் ரோச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஃப்ரெட்ரிக் ஃபென்னல், ஒரு பகுதிக்கு ஒரே கலைஞர் என்ற கொள்கையுடன் சிறிய, துல்லியமான ‘விண்ட் ஆன்சாம்பிள்’ ஒன்றைத் தொடங்கினார். இன்று பெரிய பல்கலைக்கழகங்களில் இவ்விரு மரபுகளும் அருகருகே இயங்குகின்றன. அவற்றுடன் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அணிவகுக்கும் பேண்டும் சேர்ந்துகொள்கிறது. இயக்குநரின் ஒரு நாளில் நடத்துகோல் பிடித்து இசையை நடத்தும் நேரம் குறைவு. மாணவர் சேர்க்கை, உதவித்தொகைப் பங்கீடு, கருவிப் பராமரிப்பு, வரவுசெலவு, முதுகலை மாணவர்களுக்கு நடத்துங்கலை (இசைக்குழுவைக் கையசைவால் வழிநடத்தும் கலை) கற்பித்தல் ஆகியவையே மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மேடையில் நிற்கும் ஆசை மட்டும் உள்ளவருக்கு இது ஏற்ற தொழில் அன்று. கற்பிப்பதில் ஆர்வம் உள்ளவருக்கே இது பொருந்தும்.

தொடக்கம் ஒரு கருவியில் தேர்ச்சி பெறுவதுதான். இளங்கலை இசைக்கல்விப் படிப்பில் சேர, நுழைவுத் தேர்வாகத் தம் முதன்மைக் கருவியை நேரில் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளிலாவது தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் வாராந்தர வகுப்பு எடுத்துக்கொள்வது அவசியம். பியானோவில் ஓரளவு பழக்கமும் இருக்கட்டும். அந்த நான்காண்டுப் படிப்பில் கிளாரினெட் வாசிப்பவர் டிராம்போனையும், ட்ரம்பெட் வாசிப்பவர் ஒபோவையும், எல்லோரும் தாளக் கருவிகளையும் அடிப்படை அளவில் கற்றே ஆக வேண்டும். இவ்வகுப்புகளை மதிப்பெண்ணுக்காக ஒப்பேற்றிவிட்டுப் போகும் மாணவர்களே அதிகம். ஆனால் பின்னாளில் ஒத்திகையின் நடுவே ஒரு பாசூன் மாணவி தவறான விரல்முறையால் தடுமாறும்போது, அதைப் பார்த்த மாத்திரத்தில் திருத்தக் கைகொடுப்பது இந்த வகுப்புகள்தாம். கடைசிப் பருவம் ஒன்று முழுவதும் ஒரு பள்ளியில் பயிற்சி ஆசிரியராகப் பணிபுரிந்து, மாநிலம் கேட்கும் தேர்வுகளையும் முடித்தால் ஆசிரியர் உரிமம் கிடைக்கும்.

உரிமம் கைக்கு வந்ததும் நேராக முதுகலைக்குப் போய்விடலாமா என்று பலரும் கேட்பதுண்டு. போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பள்ளியில் கற்பித்துவிட்டுப் போவதே நல்லது. நடத்துங்கலை முதுகலைப் படிப்புகள் பலவும் பள்ளி அனுபவம் உள்ளவரையே விரும்புகின்றன. பல்கலைக்கழக வேலை விளம்பரங்கள் பலவற்றிலும் அது தகுதியாகவே கேட்கப்படுகிறது. பெயர் பெற்ற இயக்குநர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக பேண்டை 1935 முதல் 1971 வரை நடத்திய வில்லியம் ரெவெல்லி, அதற்கு முந்தைய பத்தாண்டுகள் இந்தியானா மாநிலத்தின் ஹோபார்ட் என்ற சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அங்கிருந்த பிள்ளைகளைத் தேசியப் போட்டிகளில் முதலிடத்துக்குக் கொண்டுவந்த பிறகே மிச்சிகன் அவரை அழைத்தது. கருவியைப் பிடிக்கவே தெரியாத பதினொரு வயதுப் பிள்ளைகள் அறுபது பேரை, மூன்று மாதத்தில் ஒரே சுருதியில் நிறுத்தத் தெரிந்தவருக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எளிது.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வருபவர்களுக்குப் பள்ளிப் பணி என்ற இந்தப் படி எளிதாக வாய்ப்பதில்லை. அவர்கள் ஊரிலேயே ஒரு பள்ளியிலோ தேவாலய இசைக்குழுவிலோ கற்பித்த அனுபவத்தைச் சான்றுகளுடன் கொண்டுவருவது உதவும்.

பள்ளியில் பணிபுரியும் ஆண்டுகளில் தனியாக வளர்த்துக்கொள்ள வேண்டிய திறன், எல்லாக் கருவிகளுக்கான வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட ஸ்கோரைப் படிப்பது. பேண்ட் ஸ்கோரின் ஒரு பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கலாம். அவற்றுள் பல, எழுதியபடி ஒலிப்பதில்லை. பாடகரின் கட்டைக்கு ஏற்ப ஸட்ஜம் இடம் மாறுவதைப் போலவே ஒவ்வொரு கருவிக்கும் ‘சி’ என்ற ஸ்வரம் வேறொரு சுருதியில் நிற்கிறது. பியானோவின் இ-பிளாட் ஒலிக்க வேண்டுமானால் கிளாரினெட்டுக்கு எஃப், ஆல்டோ சாக்ஸபோனுக்கு சி, பிரெஞ்ச் ஹார்னுக்கு பி-பிளாட் என்று எழுதியிருக்கும். தினமும் பத்து நிமிடம் பியானோவில் உட்கார்ந்து, ஸ்கோரின் ஏதேனும் ஒரு வரியை ஒலிக்கும் சுருதிக்கு மாற்றி வாசித்துப் பழகினால் ஓராண்டில் இது கண்ணுக்கு இயல்பாகிவிடும்.

எடுத்துக்கொள்ளச் சிறந்த முதல் ஸ்கோர், குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் எழுதிய இ-பிளாட் மேஜர் சூட் என்ற, பல பகுதிகள் கொண்ட படைப்பு. ஹோல்ஸ்ட் டிராம்போன் வாசித்தவர். பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அதன் முதல் பகுதியான சக்கோனில், மூன்று அட்சரத் தாளத்தில் எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) நீளமுள்ள ஒரே கரு, டியூபாவிலும் யூபோனியத்திலும் தனியாகத் தொடங்கிப் பகுதி முழுவதும் கருவி மாறி மாறித் திரும்ப வருகிறது. முதலில் பதிவைக் கேட்காமல், பென்சிலால் எட்டு எட்டு பாராகக் கோடிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கரு யாரிடம் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். நடுவில் ஓரிடத்தில் கரு தலைகீழாகத் திரும்பி, ஏற வேண்டிய இடத்தில் இறங்கும். அதைத் தாமாகக் கண்டுபிடிக்கும் வரை பதிவைத் தொட வேண்டாம். பிறகு ஒவ்வொரு வரியையும் வாயால் பாடிக்கொண்டே கையால் தாளம் காட்டுங்கள். கருவின் முதல் மூன்று ஸ்வரங்களே அடுத்த இரண்டு பகுதிகளுக்கும் விதை என்பது அப்படிப் பாடும்போது தெரியவரும். முதலில் பதிவைக் கேட்பவர், வேறொருவரின் முடிவுகளைத் தம் முடிவுகளாக நினைத்துக்கொள்வார். யூடியூப் வந்த பிறகு இந்த நோய் இளைஞரிடையே மிகப் பரவிவிட்டது.

கர்நாடக இசைப் பயிற்சி உள்ள பிள்ளைகளுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. பெர்சி கிரேஞ்சர் 1937-இல் எழுதிய லிங்கன்ஷயர் போஸி போன்ற படைப்புகளில் தாளம் பாருக்குப் பார் மாறும். ஐந்தும் ஏழுமாக எண்ணத் தடுமாறும் சக மாணவர்களுக்கு நடுவில், கண்டச் சாப்பும் மிஸ்ரச் சாப்பும் கையில் ஊறியவர் நிதானமாக நிற்பார்.

ஒத்திகையை நடத்தும் முறைக்கு வருவோம். கோலை உயர்த்தும் முதல் அசைவிலேயே வேகம், ஒலியின் அளவு, தன்மை மூன்றும் தெரிய வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குழுவின் பின்வரிசையில், தாளக் கருவிகளுக்கு அருகே ஒரு கேமராவை உங்கள் முகத்தை நோக்கி வைத்துப் பதிவு செய்து, ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் இசை மெல்ல ஒலிக்கிறது, எங்கே உரத்து எழுகிறது என்பதைக் கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், இன்னும் பயிற்சி தேவை. நிறுத்தும்போது யார், எங்கே, என்ன என்ற வரிசையில் பேசுங்கள். “இரண்டாம் கிளாரினெட், 45-ஆம் பார், கடைசி ஸ்வரத்தைக் குறுக்குங்கள்” என்று சொல்லிவிட்டு உடனே தொடர வேண்டும். நிறுத்திவிட்டு மூன்று நிமிடம் உவமை சொல்லும் நடத்துநரை மாணவர்கள் விரும்பலாம். ஆனால் அவர் குழு முன்னேறுவதில்லை.

சுருதி சேர்ப்பதில் கருவிகளின் இயல்பை அறிந்திருப்பது பாதி வேலையை முடித்துவிடும். ட்ரம்பெட்டில் ஒன்றாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் கீழ் ‘டி’ எப்போதும் ஏறியே ஒலிக்கும். மூன்றாம் வால்வின் குழாயைச் சற்று வெளியே தள்ளச் சொன்னால் இறங்கிவிடும். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் மேஜர் கார்டு கலங்கி ஒலித்தால், முதலில் அடிஸ்வரத்தையும், அடுத்து ஐந்தாவதையும், இறுதியில் மூன்றாவதையும் சேருங்கள். தூய ஒத்திசைவில் இந்த மூன்றாவது ஸ்வரம், பியானோவில் உள்ளதைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்து நிற்க வேண்டும். மின்சுருதிக் கருவியின் முள் நடுவில் நிற்கிறதே என்று மாணவர் வாதிடுவார். முள்ளை மறந்துவிட்டு, காதால் கேட்டு இறக்கச் சொல்லுங்கள்.

முதுகலைக்கும் அதன்பின் முனைவர் நிலைக்கும் விண்ணப்பிக்கும்போது, இடங்கள் மிகக் குறைவு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓராண்டில் ஓரிருவரை மட்டுமே சேர்க்கும் துறைகள் பல. சேர்ந்தவர்க்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். அதற்கு ஈடாக வாரம் 20 மணி நேரம் வரை பேண்ட் துறையில் வேலை செய்ய வேண்டியிருக்கும். நாற்காலி அடுக்குவதும் அந்த வேலையில் அடங்கும். கோடைக்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் நடத்தும் சில நாள் பயிலரங்குகளில் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டு, எங்கே சேர விரும்புகிறீர்களோ அந்தப் பேராசிரியரின் கண்முன் ஒருமுறை நடத்திக் காட்டுவது, எந்தப் பரிந்துரைக் கடிதத்தையும்விடப் பயனளிக்கும். டிசம்பரில் சிகாகோவில் நடக்கும் மிட்வெஸ்ட் கிளினிக் என்ற பேண்ட் இசையாளர் மாநாடும் தவறவிடக் கூடாதது. 1946 முதல் நடந்துவரும் அந்தக் கூட்டத்தின் நடைவழிகளில்தான் எந்த ஊரில் எந்தப் பதவி காலியாகப் போகிறது என்ற செய்தி முதலில் கசிகிறது.

பட்டம் முடித்தவருக்குக் கிடைக்கும் முதல் வேலை, பெரும்பாலும் அணிவகுப்பு பேண்டின் பொறுப்பாகவே இருக்கும். இதைத் தாழ்வாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ‘மார்ச்சிங் 100’ பேண்டை 1946 முதல் 1998 வரை வழிநடத்திய வில்லியம் பி. ஃபாஸ்டர், கறுப்பினத்தவருக்குப் பல கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில் அணிவகுப்பின் மொழியையே மாற்றிக் காட்டினார். 1989-இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக அந்த பேண்ட் பாரிஸ் வீதியில் நடந்தது.

அணிவகுப்பில் இசையறிவோடு அளவையறிவும் வேண்டும். ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி என்பது வழக்கமான கணக்கு. ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர் என்பதால், பின்கோட்டில் அடிக்கும் டிரம்மின் ஒலி முன்கோட்டை அடைய 0.14 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் அது ஒரு தட்டின் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே டிரம் வரிசையினர், முன்னால் நின்று தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து அடிக்க, அவர்களுக்கு முன்னால் நிற்பவர்கள் பின்னாலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்து வாசிக்கப் பழக வேண்டும். ஆகஸ்ட் மாத அணிவகுப்புப் பயிற்சி முகாமின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால், நவம்பர் வரை பேண்ட் சிதறியே ஒலிக்கும்.

நேர்காணல் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாள் நீளும். அதற்கு முன்பே உங்கள் முகம் தெரியும்படியான காணொளிகளைக் கேட்பார்கள். கச்சேரியோடு ஒத்திகைப் பதிவையும் அனுப்புங்கள். தேர்வுக் குழுவினர் உன்னிப்பாகப் பார்ப்பது ஒத்திகையைத்தான். நேரில் அவர்களுடைய பேண்டோடு அரை மணி நேரம் போலக் கொடுப்பார்கள். அதில் முழுப் படைப்பையும் வாசித்து முடிக்க முயல வேண்டாம். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, தொடங்கியபோது இருந்ததைவிட முடிக்கும்போது காதுக்குத் தெரியும்படி மேம்படுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். இரவு விருந்தும் நேர்காணலின் ஒரு பகுதியே; அங்கே பழைய பல்கலைக்கழகத்தைக் குறைசொல்வது தவிர்க்க வேண்டியது.

வேலை கிடைத்த பிறகு, நிரந்தரப் பணிக்கான கோப்பு ஆறாம் ஆண்டு வாக்கில் மதிப்பீட்டுக்குப் போகும். ஆய்வுக் கட்டுரைகளின் இடத்தில் நடத்துநருக்குக் கணக்கில் வருபவை, கச்சேரிகள், விருந்தினராக நடத்திய அழைப்புகள், புதிய படைப்புகளை எழுதச் செய்து அரங்கேற்றியது, குறுந்தகடுகள், மாநாடுகளுக்குத் தேர்வானது ஆகியவை. நிகழ்ச்சி நிரல், அழைப்புக் கடிதம், ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் முதல் பருவத்திலிருந்தே தேதியிட்டு ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். மாணவர் மதிப்பீடுகளையும் அவற்றோடு வைக்க மறக்க வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில், பட்டமளிப்பு விழா முடிந்த வாரமே இதற்கு ஏற்ற நேரம். ஆகஸ்ட் முகாம் தொடங்கிவிட்டால் கோப்பைத் திறக்கவே நேரம் இருக்காது.