ஜனாதிபதி நிதிய மருத்துவ உதவி: வீட்டுப் பெரியவருக்காக விண்ணப்பிக்கும் முறை

இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனாலும் இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் என்று வந்தால் சிலர் தனியாரிடம் போகவேண்டி வருகிறது. அந்தச் செலவில் ஒரு பங்கை ஜனாதிபதி நிதியம் தரும். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிதியம் இது. முன்பெல்லாம் இந்த அலுவலுக்குக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், அங்கிருந்து இணையவழியாக மேலே போகும். கிழக்கே வாகரையிலும் பொத்துவிலிலும் இருக்கும் நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

முதலில் திகதியைக் கேளுங்கள்

சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தாயிற்றா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு. செலவு மதிப்பீட்டையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோய்க்கேற்ப உதவித் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, குடும்ப வருமானமும் பார்க்கப்படும்.

பெயரும் இலக்கமும்

அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வைத்திய அறிக்கைகள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் பெரியவர்களின் பெயர் ஒன்றில் தகப்பன் பெயரோடு இருக்கும், இன்னொன்றில் முதலெழுத்தோடு மட்டும் இருக்கும், கிளினிக் கொப்பியில் தாதி காதால் கேட்டபடி எழுதியிருப்பார். 2004 சுனாமியில் பத்திரங்களை இழந்து, பிறகு புதிதாக எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதலாக வரலாம். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் முதலே காட்டுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 12 இலக்கம் கேட்டால் முன்னால் 19 சேர்த்து, எழுத்தை விட்டுவிட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியம் போடுங்கள். 521234567 என்பது 195212304567 ஆகும். பெண்களின் இலக்கத்தில், பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அதைப் பிழை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

படிவத்தை இறக்குதல்

நிதியத்தின் இணையத்தளத்தில் தமிழைத் தேர்ந்து மருத்துவ உதவிப் படிவத்தை இறக்குங்கள். தள முகவரி ‘கவ் டொட் எல்கே’ (gov.lk) என்று முடிகிறதா என்று பாருங்கள். கொமியுனிகேஷன் கடையில் அச்செடுத்தால் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் பென்சிலால் எழுதிப் பார்க்கலாம்.

நிரப்பும்போது பெரியவரை பக்கத்தில் இருத்துங்கள். “அம்மம்மா, வீட்டில வருமானம் எவ்வளவு எண்டு கேட்டிருக்கு, நான் எழுதுறது சரியா?” என்று ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுங்கள். அவரது நோயும் அவரது வருமானமும் அதில் இருக்கின்றன. என்ன எழுதப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்து வைக்கும் இடத்தை நீங்கள் ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

ஒப்பங்களும் ஸ்கேனும்

வைத்தியர் நிரப்பும் பகுதியைக் கிளினிக் நாளிலேயே கொண்டுபோங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனையோ, கிளினிக் நாளைத் தவறவிட்டால் அடுத்த தவணைவரை காத்திருக்க நேரும். அப்புறம் கிராம உத்தியோகத்தரிடம் வருமானத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு தாளையும் போனில் ஸ்கேன் செய்து வையுங்கள். அன்ட்ரொய்ட் போனில் கூகுள் டிரைவ் செயலியின் கமரா குறியைத் தொட்டால் நான்கு ஓரமும் தெரியும்படி எடுக்கலாம். நிழல் விழாத ஜன்னலோரம் நல்லது. மூலத் தாள்களையும் பிரதிகளையும் தனித்தனி உறையில் போட்டு, பிரதேச செயலகத்துக்குக் காலையில் போய்விடுங்கள். அலுவலர் பதிவு செய்யும்போது பெயரையும் இலக்கத்தையும் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

தொலைபேசி இலக்கமாக எப்போதும் எடுக்கக்கூடிய ஒருவருடையதைக் கொடுங்கள். விண்ணப்ப இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் அட்டையில் எழுதிவையுங்கள். காசு வந்திருக்கிறது, ஓ.டி.பி. (போனுக்கு வரும் இரகசிய இலக்கம்) சொல்லுங்கள் என்று யாராவது பெரியவருக்கு அழைத்தால் வைத்துவிடச் சொல்லுங்கள். இந்த உதவிக்கு எவருக்கும் தரகுக் காசு கொடுக்கத் தேவையில்லை.