தீபாவளி ஓரிடத்தில் நிற்காது: ஜவுளிக்கடை மாத விற்பனையை வரைபடமாக்கும் வழி

ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். பண்டிகைக் கொள்முதலுக்கு முதலாளி கிளம்புமுன் ஐந்தாறு ஆண்டுகளின் மாத விற்பனையை ஒரே படத்தில் வைத்து அவரிடம் காட்டியாக வேண்டும். எக்செல், லிப்ரே ஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

தேதி, விற்பனை என்று இரண்டே நெடுவரிசைகளில் எல்லா ஆண்டுகளையும் கீழ்நோக்கி எழுதிக்கொண்டே போங்கள். ஆண்டுக்கொரு ஷீட் வைத்தால் பிறகு ஒட்டிச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். ஜிஎஸ்டி நீங்கிய தொகையையே எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான வரி மாறியிருக்கிறது; வரியோடு எடுத்தால் விற்பனை அப்படியே இருக்க, கோடு மட்டும் ஏறி இறங்கும்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 2019 ஏப்ரல் என்ற நினைப்பில் மாதத்தின் ஆங்கிலச் சுருக்கத்தோடு 19 என்று சேர்த்து அடித்தால், எக்செல் அதை நடப்பு ஆண்டின் ஏப்ரல் 19-ஆம் தேதியாக எடுத்துக்கொள்ளும். கட்டத்தில் ஏப்ரலும் 19-உம் தெரிவதால் சந்தேகமே வராது. எனவே மாதத்தின் முதல் தேதியை 2019-04-01 என்று ஆண்டை முன்னால் வைத்து அடியுங்கள். கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் அது தேதி. இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்து. அதைத் திருத்தாமல் மேலே போக வேண்டாம்.

நமக்கு நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. ஈடேட் (EDATE) என்றொரு சார்பு, அதாவது ஃபங்ஷன், இருக்கிறது. தேதியை மாதக் கணக்கில் நகர்த்தும். அதில் மைனஸ் 3 கொடுத்துத் தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி, கிடைத்ததிலிருந்து இயர் (YEAR) சார்பால் ஆண்டையும் மந்த் (MONTH) சார்பால் மாத எண்ணையும் பக்கத்து நெடுவரிசைகளில் எடுங்கள். 2020 பிப்ரவரி இப்போது 2019, 11 என்று மாறும்: 2019-20 நிதியாண்டின் பதினோராவது மாதம்.

அடுத்தது பிவட் டேபிள்: நீண்ட பட்டியலைத் தானே கூட்டிச் சுருக்கித் தரும் அட்டவணை. மாத எண் வரிசைக்கு, நிதியாண்டு நெடுவரிசைக்கு, விற்பனை மதிப்புக்கு. எண்ணுக்குப் பதில் மாதப் பெயரைத் தமிழில் வைத்தால் அகரவரிசைப்படி அக்டோபர் முதலில் வந்து உட்காரும், ஆகஸ்ட் அடுத்து, ஏப்ரல் அதற்கும் பின்னால். பெயர் வேண்டுமென்றால் ‘01 ஏப்ரல்’ என்று எண்ணை முன்னால் ஒட்டுங்கள். அட்டவணையின் மதிப்புகளை மட்டும் வேறிடத்தில் ஒட்டி, இடது மேல் மூலைக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கோட்டு வரைபடம் போடுங்கள். அந்த மூலையில் தலைப்பு இருந்தால், மாத எண்களையும் ஒரு விற்பனைக் கோடாக எக்செல் வரைந்து வைக்கும்.

இன்னும் வராத மாதங்களில் சுழியம் இருக்கக் கூடாது. கோடு தரையில் விழுந்து கிடக்கும். கட்டத்தைக் காலியாக விடுங்கள், சூத்திரம் இருந்தால் ‘மதிப்பு இல்லை’ என்று சொல்லும் என்ஏ (NA) சார்பைக் கொடுங்கள். ஆனால் ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த 2020 ஏப்ரலின் சுழியம் உண்மையான சுழியம். அது படத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பழைய ஆண்டுகள் எல்லாம் வெளிர் சாம்பல், போன ஆண்டு அடர் சாம்பல், இந்த ஆண்டு மட்டும் தடித்த சிவப்பு. ஆறு ஆண்டுக்கு ஆறு வண்ணம் தீட்டினால் எது எந்த ஆண்டு என்று தேடுவதிலேயே பார்ப்பவரின் பொறுமை போய்விடும். முப்பரிமாணக் கோட்டு வரைபடத்தை யார் கண்டுபிடித்தாரோ, அதன் பக்கமே போகாதீர்கள்.

இதுவரை செய்தது எந்த வியாபாரத்துக்கும் பொருந்தும். ஜவுளிக்கு இதோடு விட்டால் படம் பொய் சொல்லும். ஆடியும் பொங்கலும் சூரியக் கணக்கில் வருபவை, ஆண்டுதோறும் அதே இடத்தில் நிற்கும். தீபாவளி அப்படியல்ல. 2019-இல் அக்டோபர் 27, 2020-இல் நவம்பர் 14, 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. 2023 அக்டோபரை 2022 அக்டோபரோடு ஒப்பிட்டு வியாபாரம் படுத்துவிட்டது என்று பதறுவதில் பொருளில்லை. தீபாவளி விழும் மாதத்தை மட்டும் குறித்துவைத்தாலும் போதாது. 2021-இல் பண்டிகை நவம்பர் 4. நவம்பருக்குக் கிடைத்தது முதல் மூன்று நான்கு நாள். பெரும்பகுதிப் பணம் அக்டோபரிலேயே கல்லாவுக்கு வந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. அக்டோபரையும் நவம்பரையும் கூட்டி ஒரே புள்ளியாக்கலாம். ஆண்டுக்குப் பதினொரு புள்ளிதான் வரும், யாரும் கேட்க மாட்டார்கள். நான் விரும்புவது திரள்தொகை. ஏப்ரலில் தொடங்கி மாதாமாதம் கூட்டிக்கொண்டே போகும் இன்னோர் அட்டவணை போடுங்கள். சம் (SUM) சார்பில் ஏப்ரல் கட்டத்தின் வரிசை எண்ணை டாலர் குறியால் பூட்டி, முடிவுக் கட்டத்தை ஓடவிட்டால் போதும். அக்டோபரில் கோடுகள் தாறுமாறாக விலகும். நவம்பர் முடிவில் எல்லா ஆண்டும் ஒரு தீபாவளியைக் கடந்திருக்கும். அங்கே இரு கோடுகளுக்கு இடையே தெரியும் இடைவெளிதான், விற்பனை கூடியதா குறைந்ததா என்று முதலாளி கேட்கும் கேள்விக்குப் பதில்.

ரம்ஜானுக்கு இந்த வித்தையும் பலிக்காது. அது ஆண்டுக்குப் பதினொரு நாள் போல முன்னால் வந்துகொண்டிருக்கிறது: 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. ஆகவே 2024-25 நிதியாண்டுக்குள் இரண்டு ரம்ஜான். பெருநாள் வியாபாரம் கணிசமாக உள்ள கடையென்றால், அந்த ஆண்டின் கோடு மார்ச்சில் எழும்புவதை வளர்ச்சி என்று எண்ணிச் சரக்கு ஏற்றிவிடுவார்கள். படத்தின் மீதே, மார்ச் புள்ளிக்குப் பக்கத்தில், ஓர் எழுத்துப் பெட்டி போட்டு ‘இரண்டாவது ரம்ஜான்’ என்று எழுதிவிடுங்கள்.