ஏ.எம்.வி.க்குப் பாட்டுத் தேடுவது: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

அக்காவின் மகன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். "சித்தி, கிளிப் எல்லாம் வெட்டி வச்சிட்டன். எந்தப் பாட்டப் போட்டாலும் சரிவருதில்ல." பார்த்தால் இருநூறுக்கும் மேலே கிளிப். மூன்று வாரம் அதற்கே போயிருக்கிறது. சட்டையைத் தைத்து முடித்த பிறகு ஆளைக் கூப்பிட்டு அளவெடுக்கிற வேலை.

ஏ.எம்.வி. (அனிமே மியூசிக் வீடியோ) என்பது ஜப்பானிய அனிமேஷனான அனிமேயின் காட்சிகளை வெட்டி, ஒரு பாட்டின் மேல் அடுக்கி, ரசிகர்களே செய்கிற வீடியோ. இதில் காட்சியை எத்தனை தடவையும் மாற்றலாம். பாட்டை மாற்றினால் முழு வேலையும் திரும்ப முதலில் இருந்து. நானும் ஏழெட்டு வீடியோ தொடங்கி, அதில் பாதியை நடுவழியில் விட்டவள்தான். விட்டதெல்லாம் பாட்டால். சொஃப்ட்வேரால் ஒன்றும் கெடவில்லை.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தப் போனபோது பாதியிலேயே நிறுத்தி, "அப்ப இது இசையும் கதையும்" என்றார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் கதையை வாசிப்பார். கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும் அதற்கேற்ற சினிமாப் பாட்டு ஒன்று எழும். கதாநாயகி கடிதத்தைக் கிழித்த அடுத்த நொடி எந்தப் பாட்டு வருகிறது என்பதில்தான் நிகழ்ச்சியின் உயிரே இருந்தது. நாங்கள் செய்வது அதைத் திருப்பிப் போட்டது: பாட்டு நிற்காமல் ஓடுகிறது, கதை அதற்குள் வந்து உட்காருகிறது.

படி 1: ஒரு வசனம் எழுதுங்கள்

எந்த அனிமே என்று தெரிந்ததும் ஒரு தாளில் ஒரே ஒரு வசனம். "தோற்றுக்கொண்டே இருந்த பெடியன் கடைசியில் பந்தைத் தொடுகிறான்." "அண்ணன் விட்டுப் போகிறான், தம்பி தேடிப் போகிறான்." இப்படி. "சோக வீடியோ", "மாஸ் வீடியோ" என்று எழுதினால் செல்லாது, அதில் ஒன்றுமே நடக்கவில்லை. வினைச்சொல் வேண்டும். இரண்டு வினை இருந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் நடுவில் ஒரு திருப்பம் ஒளிந்திருக்கும், பாட்டிலும் நாங்கள் தேடப்போவது அதைத்தான்.

படி 2: பாட்டைக் கோடாக வரையுங்கள்

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை போகிற நேரம் இதற்குத் தாராளம். (பஸ்காரர் தன்னுடைய பாட்டைச் சத்தமாகப் போடாத நாளாக இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.) கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அனிமேயை நினைக்காதீர்கள். எங்கே ஏறுகிறது, எங்கே அடங்குகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து தாளில் ஒரு கோடாக வரைந்து நேரத்தைக் குறியுங்கள்.

என்னிடம் உள்ள ஒரு தாளில் இப்படி இருக்கிறது: 0:00 பியானோ மட்டும். 0:18 குரல் நுழைகிறது. 0:52 மேளம் விழுகிறது. 1:40 எல்லாம் நின்று ஒற்றைக் குரல். 1:52 எல்லாம் சேர்ந்து திரும்பி வருகிறது. இந்தப் பாட்டில் எனக்கு வேண்டியது 1:40க்கும் 1:52க்கும் நடுவில் உள்ள பன்னிரண்டு நொடிதான். பெடியன் பந்தைத் தவறவிட்டு நிலத்தில் கிடக்கிற காட்சி அங்கே. 1:52இல் எழும்புகிறான். மற்ற ஒன்றரை நிமிடமும் அந்த இடத்துக்குப் போய்ச் சேருகிற வழி.

தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சத்தத்தில், ஒரே வேகத்தில் போகிற பாட்டுகள் உண்டு. ஆடுவதற்கு அருமை. ஏ.எம்.வி.க்கு எடுத்தால் நாற்பதாவது நொடியில் பார்க்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். நான் கைவிட்டவற்றில் மூன்று இந்த வகை. மூன்றும் நான் உயிராய்க் கேட்ட பாட்டுகள். கேட்கும்போது பாட்டில் இல்லாத ஏற்ற இறக்கத்தை நானே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மேசையில் வைத்துப் பார்த்தால் கோடு நேராகக் கிடக்கிறது.

காதை நம்ப முடியாவிட்டால் கண்ணால் பாருங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்தால் ஒலியலை தெரியும். ஓரிடத்தில் ஒடுங்கி ஓரிடத்தில் பருத்திருந்தால் நல்லது. முழுக்கச் செங்கல் அடுக்கின மாதிரி இருந்தால் யோசியுங்கள். பாட்டு ஓடும்போதே கன்ட்ரோலையும் எம் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். பிறகு எடிட் பண்ணும்போது அந்தக் குறிகள்தான் வழிகாட்டி.

படி 3: தாளமும் கொஞ்சம் கணக்கும்

பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான். மேசையில் தட்டித் தாளத்தைப் பிடியுங்கள். 15 நொடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கான தட்டு வரும். அனிமே பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகம், அதாவது ஃபிரேம், ஓடுகிறது (சரியாகச் சொன்னால் 23.976, எங்கள் கணக்குக்கு 24 போதும்). 1440ஐத் தட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை சட்டகம் என்று கிடைக்கும். 120 என்றால் 12 சட்டகம். 90 என்றால் 16. 180 என்றால் வெறும் 8.

அந்த எட்டில்தான் சிக்கல். அனிமேயில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் புதுப் படம் வரைவது அபூர்வம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கோ மூன்று சட்டகத்துக்கோ அப்படியே வைத்திருப்பார்கள். மூன்று மூன்றாக வைத்த காட்சியை எட்டுச் சட்டகத்துக்கு வெட்டினால் உள்ளே முழுதாக மூன்று படம்கூட இல்லை. அசைவே தெரியாது, யாரோ ஃபோட்டோ அல்பத்தை வேகமாகப் புரட்டின மாதிரி இருக்கும். அதனால் முதல் வீடியோவுக்கு 85க்கும் 130க்கும் இடையில் உள்ள பாட்டாக எடுங்கள். எடுத்தாலும் தட்டுக்குத் தட்டு வெட்டாதீர்கள். 120இல் நாலு தட்டு என்றால் 2 நொடி, 48 சட்டகம். ஒரு காட்சி மூச்சுவிட அது போதும்.

கொழும்புக்காரருக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காதுக்குப் பழகின பாட்டுகளில் பாதி நாலு தட்டில் இல்லை. பைலா ஆறெட்டு. தமிழ்க் குத்துப்பாட்டுகளிலும் நிறைய அப்படித்தான். ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு என்று ஊஞ்சல் மாதிரிப் போகும். பாரம் ஒன்றிலும் நாலிலும் விழும். இதை நாலு தட்டாக எண்ணி வெட்டினால் நாலாவது வெட்டிலேயே சறுக்கும். கலியாண வீட்டில் பைலா தொடங்கியதும் கால் தானாக எங்கே விழுகிறதோ, அங்கே வெட்டுங்கள். வாள்சண்டைக் காட்சிக்கு இந்தத் தாளம் சொல்லி வைத்தது போல இருக்கும். வீச்சு ஒன்றில், திரும்புவது நாலில்.

படி 4: வரிகளை எழுதிப் பாருங்கள்

பாட்டு வரிகளைக் கையால் எழுதுங்கள். "மழை" என்று பாடும்போது மழை, "நெருப்பு" என்று பாடும்போது நெருப்பு என்று வைக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு தடவை என்றால் சிரிப்பு வரும், பரவாயில்லை. முழு வீடியோவும் அப்படி என்றால் பாலர் வகுப்புச் சுவரில் ஒட்டின படம் மாதிரிதான். வரி ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிற இடங்களைத் தேடுங்கள். இந்தக் கலை தொடங்கியதே அப்படி. 1982இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற அமெரிக்க இளைஞர் இரண்டு வீடியோ கசெட் ரெக்கோடர்களை ஒன்றோடொன்று இணைத்து, 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற விண்வெளிப் போர் அனிமேயின் மிக மூர்க்கமான அடிதடிக் காட்சிகளை பீட்டில்ஸ் குழுவின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாட்டின் மேல் வைத்தார். அன்பு ஒன்றே போதும் என்று அவர்கள் பாட, கப்பல்கள் வெடிக்கின்றன. முதல் ஏ.எம்.வி. என்று பரவலாகச் சொல்லப்படுவது அதுதான்.

தமிழ்ப் பாட்டு எடுக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் மொழியில் வினை கடைசியில் வருகிறது. வந்தாயா, போனாயா, வரவே மாட்டாயா என்பது வரியின் கடைசிச் சொல்லில்தான் தெரியும். முக்கியமான படத்தை வரியின் தொடக்கத்தில் வைத்தால் பாட்டு சொல்வதற்கு முன்பே படம் சொல்லிவிடும். அந்தப் படத்தைக் கடைசிச் சொல்லுக்கு நகர்த்துங்கள். அரை நொடிதான் வித்தியாசம், ஆனால் பார்க்கிறவருக்கு நெஞ்சில் படும்.

அடுத்தது ஆண்பால், பெண்பால். ஆங்கிலப் பாட்டில் நானும் நீயும் யாராகவும் இருக்கலாம். தமிழில் "வந்தாள்" என்றால் பெண்தான். எங்கள் சினிமாப் பாட்டுகளில் பெரும்பகுதி காதல் பாட்டு, "பெண்ணே" இல்லாத சரணமே அருமை. அண்ணன் தம்பிக் கதைக்கு மேல் "பெண்ணே" என்று வந்தால் கூட்டம் சிரிக்கும். நானும் நீயும் மட்டும் பேசுகிற பாட்டாக, விகுதியில் ஆளைக் காட்டிக்கொடுக்காத பாட்டாகத் தேடுங்கள். நேரம் எடுக்கும், கிடைக்கும்.

படி 5: பாட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிற முகம்

சினிமாப் பாட்டுக்கு ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. எல்லோரும் பார்த்த பாட்டைப் போட்டால் உங்கள் வாள்வீரனுக்குப் பின்னால் அந்த நடிகர் கையை விரித்துக்கொண்டு நிற்பார். அவரை விரட்டுவது பெரும்பாடு. படமே பெரிதாக ஓடாத பாட்டு, பாடல் காட்சி இல்லாமல் பின்னணியில் மட்டும் வந்த பாட்டு, சினிமாவுக்கு வெளியே தனியாக வந்த பாட்டு ஆகியவை பாதுகாப்பு. இங்கே கொழும்பிலேயே தமிழில் ராப் பாடுகிறவர்களும் சின்ன இசைக்குழுக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பி அனுமதி கேட்கலாம். சினிமாப் பாட்டுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

படி 6: நீளம்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காட்சி சராசரி ஒன்றரை நொடி என்று வைத்தால் 2 நிமிடப் பாட்டுக்கு 80 காட்சி, நாலரை நிமிடப் பாட்டுக்கு 180. முதல் வீடியோ 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். டிவி அனிமேயின் தொடக்கப் பாட்டுகளே ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்தான். தமிழ்ப் பாட்டு என்றால் பல்லவி, முதல் இடையிசை, ஒரு சரணம், திரும்பப் பல்லவி. இரண்டாவது சரணத்தைத் தூக்குங்கள். வெட்டு தட்டின் மேல் விழுந்தால் காதுக்குத் தெரியாது. பாதிப் பாடலில் மெல்லச் சத்தத்தைக் குறைத்து முடிப்பது மட்டும் வேண்டாம், சொல்ல வந்ததை மறந்துபோனவர் மாதிரி இருக்கும்.

படி 7: ஏற்றுவதற்கு முன்

யூடியூபில் 2007 முதல் கன்டென்ட் ஐடி என்ற முறை ஓடுகிறது. உரிமையாளர்கள் கொடுத்து வைத்த பாட்டையும் படத்தையும் உங்கள் வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் வீடியோவை மறிப்பதா, விளம்பரக் காசைத் தாங்கள் எடுப்பதா, சும்மா கண்காணிப்பதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். இந்த உரிமைகோரல் வேறு, பதிப்புரிமை எச்சரிக்கை (ஸ்ட்ரைக்) வேறு. 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் சனலே போகலாம். எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்று ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் வீடியோ அதற்குள் வருமா என்பது வழக்கறிஞர் பேச வேண்டிய விஷயம், அந்தக் கன்டென்ட் ஐடி இயந்திரம் சட்டம் படித்ததில்லை.

அதனால் எடிட்டிங் தொடங்க முதலே ஒரு வேலை செய்யுங்கள். வெறும் கறுப்புத் திரையின் மேல் பாட்டை மட்டும் போட்டு, யாருக்கும் தெரியாதபடி தனிப்பட்டதாக ஏற்றுங்கள். பாட்டு மறிக்கப்படும் என்றால் அப்போதே தெரிந்துவிடும், நூறு மணித்தியாலம் மிச்சம். படத்துக்கும் தனியாக உரிமைகோரல் வரலாம், அதை இப்படிச் சோதிக்க முடியாது. பாட்டின் சுருதியைக் கூட்டிக் குறைத்து ஏய்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிக் கெடுத்த பாட்டைக் கேட்க உங்களுக்கே பிடிக்காது.

படி 8: இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்

முழுதாகச் செய்ய வேண்டாம். நீங்கள் தேர்ந்த திருப்பம் இருக்கிற இடத்தைச் சுற்றி முப்பது நொடிக்கு மட்டும் காட்சிகளைக் கரடுமுரடாக அடுக்குங்கள். தமிழ் விளங்கும் ஒருவருக்கும், தமிழ் அறவே விளங்காத சிங்கள நண்பர் ஒருவருக்கும் காட்டுங்கள். விளங்காதவர் சரியான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் இசை வேலை செய்கிறது. விளங்கியவர் மட்டும் நிமிர்ந்தால் வரிகள்தான் பாரத்தைச் சுமக்கின்றன, படத்தில் இன்னும் வேலை இருக்கிறது. இரண்டு பேரும் ஃபோனை எடுத்துப் பார்த்தால் வேறு பாட்டு. ஒரே வகுப்பில், ஒரே ஒஃபிஸில் மூன்று மொழிக்காரர் இருக்கிற ஊரில் இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பிளேன்டீ.

அக்காவின் மகன் தான் முதலில் வைத்திருந்த காதல் பாட்டை நாலாவது படியிலேயே தூக்கிப் போட்டான். அவனுடைய கதை கரப்பந்தாட்ட அனிமே, இரண்டு பெடியன்கள், ஒரு பெண்ணும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கொண்டுவந்தது பாட்டே இல்லை. பள்ளிக்கூட பிக் மெட்ச் கிரிக்கெட்டில் தானே ஃபோனில் பதிவுசெய்த பப்பரே வாத்தியம். ட்ரம்பெட் கீச்சிடுகிறது, மேளம் பாதி நேரம் தாளத்தை விட்டு ஓடுகிறது, நடுவில் யாரோ "அடிடா மச்சான்" என்று கத்துகிறார்கள். அந்தக் கத்தலுக்குப் பிறகு ஒரு நொடி எல்லாம் நிற்கிறது, பிறகு மேளம் திரும்ப விழுகிறது.

"சித்தி, பந்து அந்த இடத்திலதான்" என்றான். இருநூறு கிளிப்பில் முப்பத்தொன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தோம்.