மெடிகேப்: பிளான் ஜி (G) எடுப்பதா, பிளான் என் (N) எடுப்பதா?

அமெரிக்காவில் 65 வயதை நெருங்குகிறவர்கள், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கட்டாமல் விடும் செலவுகளுக்காகத் தனியார் கம்பெனிகள் விற்கும் மெடிகேப் காப்பீட்டை வாங்கும்போது கம்பெனி பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பிளானின் எழுத்தைப் பாருங்கள். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர மற்ற மாநிலங்களில், பிளான் ஜி என்றால் எந்தக் கம்பெனியிலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றுதான். பிரீமியம்தான் வேறுபடும்.

ஜி, என் இரண்டு பிளான்களுமே பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுகளுக்கான பகுதி) டிடக்டிபிளை, அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்ட வேண்டிய தொகையை, கட்டாது. பிளான் என்-இல் பிரீமியம் பொதுவாகக் குறைவு. ஆனால் டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் 50 டாலர் வரை கைக்காசு போகும். மெடிகேர் ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் டாக்டர் வசூலித்தால் பிளான் ஜி கொடுக்கும், பிளான் என் கொடுக்காது. மாதம் இரண்டு மூன்று முறை டாக்டரிடம் போகிறவருக்கு ஜிதான் நிம்மதி என்பேன்.

எதை எடுத்தாலும் சரி, காலத்தைத் தவறவிடாதீர்கள். 65 வயதாகி பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதம் வரை, சர்க்கரை, இதய நோய் எது இருந்தாலும் உங்களை மறுக்க முடியாது. அதற்கப்புறம் பல மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். இதைத் தெரியாமல் தள்ளிப்போட்டுவிட்டுத் தவிப்பவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம், ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: வெளிநாட்டுப் பயணத்தின் முதல் 60 நாட்களில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் டிடக்டிபிள் போக 80 சதவீதத்தை இந்த இரண்டு பிளான்களும் தருகின்றன. வாழ்நாள் வரம்பு 50,000 டாலர்.