கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் வேண்டாம்: எச்.ஐ.வி. நோயாளிகளிடம் மருத்துவமனைகள் செய்யும் தவறுகள்

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டின் மூலையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். சில இடங்களில் சிவப்பு மையில் 'ஆர்' என்று ஓர் எழுத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம். இவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஊழியர்களுக்கு மட்டும் புரியட்டும் என்றுதான் போடுகிறார்கள். ஆனால் அந்த வார்டில் நாலு நாள் கிடந்த எவருக்கும் அது என்னவென்று தெரிந்துவிடும். சாயங்காலம் கஞ்சி பிளாஸ்க்கோடு வருகிறவர்கள் அடுத்த கட்டிலையும் விசாரிப்பார்கள்: "எந்த ஊரு மக்கா? கருங்கல்லா? கருங்கல்ல எங்க?" கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த இரண்டு கேள்விக்குள் ஒரு சொந்தக்காரர் அகப்பட்டுவிடுவார். அப்புறம் அந்தக் குறி வார்டோடு நிற்காது.

நோயாளிக்கு மட்டுமல்ல, ஊழியருக்கும் இந்த ஸ்டிக்கர் ஆபத்து. குறி இல்லாத கட்டிலில் பயமில்லை என்ற நினைப்பை அது வளர்க்கிறது. புதிதாகத் தொற்றியவருக்கு முதல் சில வாரங்கள் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்றே வரலாம். ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதும் அந்த நாட்களில்தான். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துபோனவரின் கட்டிலில்தான் ஸ்டிக்கர் தொங்கிக்கொண்டிருக்கும். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 சதவீதம் வரை போகும். அதை வைத்திருக்கும் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு எல்லாக் கட்டிலுக்கும் ஒரே முன்னெச்சரிக்கையைக் கடைப்பிடியுங்கள். துப்புரவுப் பணியாளர் உட்பட அத்தனை பேருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும்.

கையுறையில் நடப்பது இதைவிட விநோதம். பி.பி. பார்க்க, மாத்திரை கொடுக்க, காய்ச்சல் பார்க்க இரண்டு ஜோடி கையுறை. பக்கத்துக் கட்டில்காரருக்கு ரத்தம் எடுக்க வெறுங்கை. இது தலைகீழ். ரத்தம், உடல் திரவம், புண், வாயின் உட்பகுதி ஆகியவற்றைத் தொடும்போது யாராக இருந்தாலும் கையுறை வேண்டும். காயமில்லாத தோலைத் தொடுவதற்கு யாருக்கும் வேண்டாம். தனித் தட்டு, தனி டம்ளர், தனிக் கழிவறை எதுவும் தேவையில்லை.

தரையில் ரத்தம் சிந்தினால், யாருடைய ரத்தம் என்று பார்க்காமல் கையுறை போட்டு, துணியோ காகிதமோ போட்டு மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியை ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். கேனில் வருவது 5 சதவீதக் கரைசல் என்றால் 200 மி.லி.யோடு 800 மி.லி. தண்ணீர். பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம். நேற்றுக் கலக்கியதை இன்று எடுக்காதீர்கள். வெயிலும் வெளிச்சமும் பட்டால் வீரியம் போய்விடும்.

ஆபரேஷன் பட்டியலில் கடைசியாகத் தள்ளுவது மிகப் பழைய வழக்கம். முந்தின இரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருப்பவர் மத்தியானம் தாண்டியும் காத்துக் கிடப்பார். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் செய்ய வேண்டிய வழக்கமான சுத்தமும், கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து நீராவியால் கிருமி நீக்குவதும் எச்.ஐ.வி.க்கும் போதும். 'ஸ்பெஷல் கிட்' என்று பில்லில் தனியாகச் சேர்க்கும் தொகைக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

"ஆசாரிப்பள்ளம் போயிருங்க." பல் பிடுங்கவும், கட்டி கீறவும் போகிறவர்களுக்குச் சில தனியார் கிளினிக்குகளில் கிடைக்கும் பதில் இது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் கூட்டு மருந்து சிகிச்சை மையம் இருப்பது உண்மைதான், அது எச்.ஐ.வி. மருந்துக்காக, உங்கள் கிளினிக்கில் எடுக்கக்கூடிய பல்லுக்காக அல்ல. உங்களிடம் இல்லாத வசதி தேவைப்பட்டால் அனுப்புங்கள், காரணத்தைச் சீட்டில் எழுதுங்கள். எழுத முடியாத காரணம் என்றால் அது பாகுபாடு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் அதைத் தடை செய்கிறது. சிகிச்சை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதும் அதே சட்டப்படி தவறு.

பரிசோதனைக்கு முன் நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். முடிவை அவரிடம் மட்டும், தனி அறையில் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை வாங்க வந்த மைத்துனரிடம் லேபில் நீட்டிவிடுவதும், ரவுண்ட்ஸில் கட்டிலருகே வந்ததும் சட்டென்று குரலைத் தாழ்த்துவதும் ஒன்றுதான். மற்ற கட்டில்களில் சத்தமாகப் பேசிவிட்டு இங்கே மட்டும் கிசுகிசுத்தால் வார்டு முழுக்கக் காது கொடுக்கும். "எப்படி வந்துச்சு?" என்ற கேள்வியால் சிகிச்சை மாறப்போவதில்லை, கேட்காதீர்கள். கணவனுக்கோ மனைவிக்கோ தெரிவிப்பதற்கும் ஒழுங்கு உண்டு: முதலில் அவரையே சொல்லவைக்க ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியானால், தெரிவிக்கப்போவதாக அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, டாக்டரோ ஆலோசகரோ நேரில் தெரிவிக்கலாம். தெரிந்தால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் உள்ள பெண் விஷயத்தில் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை.

இப்படியெல்லாம் நடந்தால் நோயாளி மறைக்கத்தான் செய்வார். லேபிளை உரித்த மாத்திரை டப்பா தலையணைக்கு அடியில் போகும். கால் முறிந்து படுத்திருக்கும் அவருக்கு நீங்கள் கால்சியம் எழுதுவீர்கள். எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரையை வெறும் வயிற்றில் கால்சியம், இரும்புச்சத்து, ஆன்டாசிட் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் அதனோடு நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அட்மிஷன் அன்று, கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு எல்லா நோயாளியிடமும் "தினமும் சாப்பிடுற மாத்திரை ஏதாவது இருக்கா?" என்று கேட்பதை வழக்கமாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஊழியரின் பயத்துக்கும் விடை வேண்டும். அது இல்லாமல் ஸ்டிக்கர் போகாது. ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள், விரல் குத்துப்பட அது ஒரு முக்கியக் காரணம். பயன்படுத்திய ஊசி நேரே துளைபடாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். முக்கால் நிறைந்ததும் டப்பாவை மாற்றுங்கள். குத்திவிட்டால் பிதுக்கவோ, வாயில் வைக்கவோ, பிளீச் ஊற்றவோ வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத் தரும் தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று நைட் டியூட்டி சிஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எச்.ஐ.வி. சட்டப்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். யாரென்று ஊழியருக்கே தெரியாவிட்டால் நியமித்தும் புண்ணியமில்லை, பெயரை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள். கூடவே கட்டணமில்லாத எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-ஐயும்.