பூனை மெல்லக் கடிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

செம்பூரில் எங்கள் ஒன் ரூம் கிச்சன் வீட்டில் முத்து என்று ஒரு பூனை இருக்கிறது. மடியில் படுத்துக் குர்குர் என்று கண்ணை மூடிக்கொண்டிருக்கும். திடீரென்று கையைக் கவ்வும். பல் பதியும், ரத்தம் வராது. "மீன் போட்ட கையையே கடிக்குது பார், நன்றி கெட்டது" என்பார் அம்மா. இப்படி நினைப்பதுதான் முதல் தவறு. பூனை நிஜமாகவே கோபப்பட்டுக் கடித்தால் பல் உள்ளே இறங்கிவிடும். தோல் கிழியாதபடி அளந்து கடிக்கிறது என்றால் ஏதோ சொல்லப் பார்க்கிறது.

பெரும்பாலும் அது சொல்வது, "தடவியது போதும்." ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினால், முதலில் சுகமாக இருந்தது கொஞ்ச நேரத்தில் அதற்குத் தொல்லையாகிவிடுகிறது. அதை முன்கூட்டியே சொல்லவும் செய்கிறது. முத்துவுக்கு முதலில் வால் நுனி மட்டும் துடிக்கும். அப்புறம் வால் முழுவதும் பட்பட்டென்று என் தொடையில் அடிக்கும். முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும். காது பக்கவாட்டில் மடங்கும். குர்குர் சத்தம் நின்றுவிடும். நாமோ மொபைலைப் பார்த்தபடி தடவிக்கொண்டே இருப்போம்! இப்போதெல்லாம் வால் நுனி துடித்ததுமே கையை எடுத்துவிடுகிறேன். முத்து கடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மல்லாந்து படுத்தால் வயிற்றைத் தடவச் சொல்கிறது என்று நினைக்காதீர்கள். பயமில்லாமல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். கன்னம், தாடை, காதுக்கு முன்பக்கம், இங்கே தடவினால் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும்.

குட்டியாக இருக்கும்போது விரலை ஆட்டி விளையாடியதுதான் நான் இன்றும் வருந்தும் தவறு. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் பழகும். பலமாகக் கடித்தால் மற்ற குட்டி கத்தும், விளையாட்டு நின்றுபோகும். அதனால் 12 வாரமாவது தாயோடு இருப்பது நல்லது. பில்டிங் படிக்கட்டடியில் தனியாகக் கிடந்த முத்துவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. நாங்களோ கைதான் விளையாட்டுப் பொருள் என்று பழக்கிவிட்டோம். கயிற்றில் துணி கட்டி இழுத்திருக்க வேண்டும். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் பூனைக்குத் துடிப்பு அதிகம். அப்போது 10 நிமிடம் ஓடவிட்டால் நம் கால்களைக் கடிக்க வருவது குறையும்.

கவ்வியதும் கையை வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. ஓடும் எலியைப் பிடிப்பதுபோல் இன்னும் இறுக்கும். அசைக்காமல் வைத்திருந்தால் தானாகவே விடும். விட்டதும் பேசாமல் எழுந்து போய்விடுங்கள். அடிப்பது, மூக்கில் சுண்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் பயத்தைத்தான் வளர்க்கும்.

என்றுமே கடிக்காத பூனை திடீரென்று கடிக்கத் தொடங்கினால் பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோலில் பல் இறங்கிவிட்டால் மஞ்சள் வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஊசி போன்ற அந்தப் பல் கிருமியை ஆழத்தில் விட்டுவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வீட்டுப் பூனைதானே என்று விடாமல், ரேபீஸ் ஊசி வேண்டுமா என்றும் கேளுங்கள்.