குனூகேஷ் கணக்கு திறக்கவில்லையா? சேவ் பட்டனில் கை வைக்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். குனூகேஷ் (வரவு செலவு எழுதும் கணினி மென்பொருள்) சேவ் ஆகிற அந்த நொடியில் போனால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடலாம். அது வழக்கமாக எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் எழுதி, ஜிஜிப் முறையில் சுருக்கிய கோப்பு என்பதால், வால் அறுந்தாலே முழுசும் திறக்காது. பென் டிரைவை எஜெக்ட் பண்ணாமல் பிடுங்கினாலும் இதே கதி நேரலாம்.

'பூட்டு கிடைக்கவில்லை' என்ற பொருளில் செய்தி மட்டும் வந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. போன தடவை சரியாக மூடப்படாமல் இருந்திருக்கலாம், அல்லது வேறெங்காவது திறந்திருக்கலாம். வேறு எங்கும் திறந்திருக்கவில்லை என்றால் 'ஓப்பன் எனிவே' கொடுக்கலாம்.

மற்றபடி, முதலில் சேவ் கொடுக்காமல் குனூகேஷை மூடிவிட்டு ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் நகல் எடுங்கள். இனி நகலில்தான் வேலை. அறுந்த கோப்பை ஒட்டவைக்க மெனக்கெட வேண்டாம், பேக்கப் பக்கத்திலேயே கிடக்கும். பெயரோடு 14 இலக்கம் இருக்கும்: 20251118193204 என்றால் 2025 நவம்பர் 18, இரவு 7 மணி 32 நிமிடம் 4 நொடி. குனூகேஷ் (.gnucash) என்று முடிவது முழு பேக்கப். லாக் (.log) என்று முடிவது பதிவுகளின் குறிப்பு.

கடைசி பேக்கப்பைத் திறங்கள். திறக்காவிட்டால் அதற்கு முந்தையது. திறந்ததும் புதுப் பெயரில் 'சேவ் ஆஸ்'. சேவ் செய்யும்போது குனூகேஷ் எடுத்து வைப்பது பழைய கோப்பை. அதனால் பேக்கப்பில் கடைசிப் பதிவுகள் சில இருக்காது. அவை லாக்கில் இருக்கும். லாக்கை நோட்பேடில் திறந்து தேதி பார்த்து, விடுபட்ட நாளிலிருந்து பழையது முதலாக ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்: ஃபைல், இம்போர்ட், 'ரீப்ளே லாக் ஃபைல்'. லாக்கில் வரவு செலவு மட்டுமே உண்டு. இடையில் 'தாளடி விதைநெல்' என்று புதுக் கணக்குத் தலைப்பு தொடங்கியிருந்தால் அதைக் கையால்தான் போட வேண்டும்.

அடுத்து ஆக்‌ஷன்ஸ் மெனுவில் 'செக் அண்ட் ரிப்பேர்', எல்லாக் கணக்குக்கும். தொகை ஒட்டாதது 'இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்' தலைப்பிலும், தலைப்பில்லாதது 'ஆர்ஃபன்-ஐஎன்ஆர்' தலைப்பிலும் போய் விழும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து உரிய இடத்துக்கு மாற்றுங்கள்.

பேங்க் பக்கம் சரிபார்ப்பது சுலபம். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை 62 போட்டிருந்தால் 24.80 குவிண்டால், ரசீதில் உள்ள தொகை பாஸ்புக்கிலும் கணக்கிலும் ஒரே மாதிரி நிற்கிறதா பாருங்கள். பயிர்க்கடன், நகைக்கடன் வட்டியும் அப்படியே. ரொக்கமாகக் கொடுத்த நடவுக்கூலி, வண்டி வாடகைதான் தொல்லை. பாஸ்புக்கில் தடயமே இருக்காது, கூலி நோட்டை வைத்துத்தான் தேட வேண்டும்.

பிரிஃபரன்சஸில் 'ஜெனரல்' பக்கம் போனால் பேக்கப் வைத்திருக்கும் காலம் 30 நாள் என்றிருக்கும். குறுவை அறுப்புக்கு ஒரு தடவை, சம்பா அறுப்புக்கு ஒரு தடவை கணக்கைத் திறக்கிறவர்களுக்கு இது போதாது. 'ஃபாரெவர்' என்று மாற்றிவிடுங்கள். கோப்புகள் சின்னவை, இடம் பெரிதாகப் பிடிக்காது.